ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ: கவலையும் கடவுள் நம்பிக்கையும்

சில மாதங்களுக்கு முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சி என்னிடம் வந்தார். "அண்ணை, கவலைப்படுறது பாவமோ?" என்று கேட்டார். கணவர் கட்டாரில். எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டும். இரவில் நித்திரை இல்லை. இதை யாரிடமோ சொல்லப்போக, "உமக்கு விசுவாசம் காணாது" என்று பதில் வந்ததாம்.

நான் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது இளையோரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் வகுப்பு, எடுக்கிறவன். வசனம் வாய் நுனியில் இருக்கும். "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று பிலிப்பியர் 4:6ஐ ஒப்புவித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கடனைப் பற்றிய கவலையோடு வந்த பிள்ளையை, கவலைப்படுகிறேனே என்ற இன்னொரு கவலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் "கவலைப்படாதே" என்று சொல்வதைவிட "யோசிக்காதே" என்று சொல்வதுதான் அதிகம். "ஏன் மெலிஞ்சு போனாய்? சரியா யோசிக்கிறாய் போல." வெளியூர்க்காரருக்கு இது விளங்காது, யோசிப்பது நல்லதுதானே என்பார்கள். ஆனால் எங்கள் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. கவலை என்பது யோசனைதான், ஆனால் முடிவுக்கு வராத யோசனை. செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் சுற்றும். பதின்மூன்றாம் சங்கீதத்தில் தாவீது இதையே சொல்கிறார்: "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்?" பழைய மொழிபெயர்ப்பின் "ஆலோசனை"யை எங்கள் அம்மம்மாமார் வாயில் வைத்தால், "இன்னும் எத்தினை நாளைக்கு உள்ளுக்குள்ள யோசிச்சுக்கொண்டு கிடக்கிறது?" என்று வரும்.

அப்படியானால் எல்லாக் கவலையும் பிழையா? புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் கவலைக்கு வரும் முக்கியமான சொல் 'மெரிம்னா'. "கவலைப்படாதிருங்கள்" என்று மத்தேயு 6இல் இயேசு சொல்லும்போது வருவது இதன் வினைச்சொல். சுவையான விஷயம் என்னவென்றால், வேறு இடங்களில் இதே சொல் நல்ல பொருளிலும் வருகிறது. எல்லாச் சபைகளைக் குறித்தும் தனக்கு நாள்தோறும் கவலை இருப்பதாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 11:28). சரீரத்தின் அவயவங்கள் ஒன்றைக்குறித்து ஒன்று கவலையாயிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 12:25). "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பிலிப்பியர் கடிதத்தில், இரண்டாம் அதிகாரத்தில், உங்களுடைய காரியங்களை உண்மையாய் விசாரிப்பதற்குத் தீமோத்தேயுவைப் போல எனக்கு வேறொருவரும் இல்லை என்கிறார். அந்த 'விசாரிப்பது'ம் கிரேக்கத்தில் அதே வினைதான்.

ஆகவே பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி நினைப்பது, கடன் தவணையைக் கணக்குப் பார்ப்பது, கட்டாரில் இருப்பவர் இன்னும் அழைப்பு எடுக்கவில்லையே என்று தொலைபேசியைப் பார்ப்பது, இவையெல்லாம் பாவப் பட்டியலில் வராது. அன்பு உள்ள இடத்தில் கரிசனை இருக்கும். அந்தக் கரிசனை தான் தூக்கக்கூடியதைத் தாண்டி, கடவுள் தூக்க வேண்டியதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சரி, மத்தேயு ஆறாம் அதிகாரத்துக்கு வருவோம். "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்ற வசனத்தை வைத்து, ஒன்றும் செய்யாமல் இருந்தால் கடவுள் ஊட்டுவார் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எந்தப் பறவையைக் கவனித்தார்களோ தெரியாது. மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு உழவு தொடங்கும்போது எங்கள் வயல்களுக்கு வந்து பாருங்கள். உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் குனிந்த தலை நிமிராது. வன்னியில் கொக்கைப் போல வேலை செய்கிற ஆள் குறைவு. இயேசு பறவைகளைப் பற்றிச் சொன்னது அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை, களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை என்றுதான். இரை தேடுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. இன்றைய புழுவைத் தேடுகிற கொக்கு, வருகிற ஆவணிக்குப் புழு கிடைக்குமா என்று வரம்பில் நின்று யோசித்து நான் இதுவரை காணவில்லை.

இயேசுவின் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வசதிக்காரர் அல்லர். கலிலேயாவின் கமக்காரரும் மீனவரும் கூலிக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "என்னத்தை உண்போம்" என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி. இயேசு அந்தக் கேள்வியைப் பரிகசிக்கவில்லை. இவைகள் உங்களுக்கு வேண்டியவை என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அதிகாரத்தின் கடைசி வசனம் இப்படி: "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், நாளையத்தினம் தன்னுடையவைகளுக்காகக் கவலைப்படும். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." இதில் நாளைக்குப் பாடே இருக்காது என்ற வாக்குறுதி இல்லை. நாளைக்கும் பாடு இருக்கும், அதை இன்றைக்கே இழுத்து வைத்துச் சுமக்காதே, அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு நல்ல உதாரணம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு முன் நடக்கும் கூட்டம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தை நம்பித்தான் கிளிநொச்சியின் பெரும்பகுதி வயல் செய்கிறது. மாரி மழை முடிந்தபின் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடியிருந்து, இந்தத் தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். சத்தம் வரும், சண்டையும் வரும், யாருடைய பங்கு வெட்டுப்படுகிறது என்ற கோபம் வரும். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போவார்கள்: குளத்தில் நிற்கிற தண்ணீரைத்தான் பங்கிடலாம். வருகிற ஐப்பசியில் பெய்யப்போகிற மழைக்கு இந்தச் சித்திரையில் ஏக்கர் போட முடியாது. கவலை செய்வது அந்தப் பிழையைத்தான். இன்றைக்கு எங்களிடம் இருக்கிற பலத்தை, இன்னும் வராத நாள்களுக்கு எல்லாம் பிரித்து வாய்க்கால் வெட்டி விடுகிறது. கடைசியில் இன்றைய பயிருக்கும் தண்ணீர் இல்லை.

யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் வானத்திலிருந்து கொடுத்த உணவான மன்னாவும் இப்படித்தான். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. விடியும்வரை எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற எங்களுக்கு, அவர்கள் ஏன் ஒளித்து வைத்தார்கள் என்பது நன்றாகவே விளங்கும். நாளைக்கு லொறி வருமோ வராதோ என்ற பயம்தான். கடவுளும் அவர்களைக் கைவிடவில்லை. அடுத்த நாள் காலையிலும் மன்னா விழுந்தது. இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு: ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னதும் அதே கடவுள்தான், அது கெட்டுப்போகவும் இல்லை. ஆகவே விதைநெல் எடுத்து வைப்பதோ, பிள்ளையின் படிப்புக்கு வங்கியில் போடுவதோ நம்பிக்கைக் குறைவு ஆகாது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கிறோமே, அந்த 'இன்று' மன்னாவின் வாசனையோடு வருகிற சொல்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வசனம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய தேசங்களில் சிதறியிருக்கிறவர்களுக்கு. சொந்த இடம் என்று சொல்ல இடமில்லாமல், பரதேசிகளாக இருந்தவர்களுக்கு. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து போரின் கடைசியில், 2009இல், முள்ளிவாய்க்கால் மணலில் போய் நின்ற சனத்துக்கு, இந்த முகவரி அந்நியமானது அல்ல.

"வைத்துவிடுங்கள்" என்று தமிழில் மெதுவாக இருக்கிறது. கிரேக்கத்தில் அது 'எறிந்துவிடுதல்'. புதிய ஏற்பாட்டில் இந்த வினை இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35இல், எருசலேமுக்குப் போகுமுன் கழுதைக்குட்டியின் மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போடுகிறார்களே, அங்கே. துணியைக் கழுதையின் முதுகில் போட்டபின் அதைச் சுமப்பது கழுதை. போட்டவன் பக்கத்தில் நடந்து போகிறான். அவன் நடப்பது நிற்கவில்லை, சுமைதான் இடம் மாறியது. கடவுளைக் கழுதையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், சொல் அங்கேதான் இருக்கிறது.

"விசாரிக்கிறவர்" என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. விசாரணை என்றதும் பல பேருக்கு வயிறு கலங்கும். பெயர், முந்தைய முகவரி, குடும்பத்தில் யார் யார் எங்கே என்று கேட்கிற மேசைதான் கண் முன் வரும். ஆனால் இந்தச் சொல்லுக்கு அதைவிடப் பழைய வாழ்வு ஒன்று இருக்கிறது. "பெரியம்மாவை விசாரிச்சதாச் சொல்லு" என்று சொல்லி அனுப்புகிறோமே, அந்த விசாரிப்பு. சுகமில்லாதவரின் வீட்டுக்குப் பாணும் பால்மாவும் கொண்டுபோய்ப் படலையில் நின்று, "இப்ப எப்பிடி?" என்று கேட்கிற விசாரிப்பு. அதே வேரிலிருந்துதான் 'விசாரம்' என்ற சொல்லும் வருகிறது; விசாரம் என்றால் மனக்கவலை. "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது" என்கிறது 94ஆம் சங்கீதம். எங்களுக்கு விசாரம், அவருக்கு விசாரிப்பு. கடவுளை நம்புவது என்றால் என்னவென்று ஒரு தொடக்கக்காரர் கேட்டால், நான் இந்த இரண்டு சொல்லையும்தான் காட்டுவேன். உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற யோசனையை எடுத்து, படலையில் நின்று கேட்கிறவரிடம் சொல்லுவது. பதிமூன்றாம் சங்கீதத்திலும் இதுதான் நடந்தது. தனக்குள்ளே ஆலோசனை பண்ணிக்கொண்டிருந்தவர், அதே புலம்பலைக் "கர்த்தாவே" என்று ஆரம்பித்துவிட்டார். முதல் இரண்டு வசனங்களில் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கேள்வி ஒன்றும் குறையவில்லை, ஆனால் இப்போது அது ஒருவரிடம் கேட்கப்படுகிறது.

கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். கெத்செமனேயில் இயேசுவே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் சொன்னார், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று பிதாவிடம் கேட்டார். அவருக்கு விசுவாசம் காணாது என்று யாராவது சொல்லுவார்களா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கேட்பதும் "எதுவரைக்கும்" என்ற கேள்விதான். அவர்களிடம் போய் "கவலைப்படாதேங்கோ அம்மா" என்று வசனம் சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் இருக்கலாம். மடு மாதா கோவிலில் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் போகிற கத்தோலிக்கச் சொந்தங்கள் சொல்லுவார்கள், 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதாவின் சுருபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துப் போக வேண்டி வந்ததே என்று. எங்களோடு மாதாவும் இடம்பெயர்ந்தா என்று அவர்கள் சொல்லும்போது அதில் முறைப்பாடு இல்லை, ஒரு ஒட்டுறவு இருக்கிறது. நான் கத்தோலிக்கன் அல்ல, என்றாலும் எனக்கு அது விளங்குகிறது.

அப்புறம், பிலிப்பியர் 4க்குத் திரும்ப வேண்டும், நான் அன்றைக்கு அரைகுறையாக ஒப்புவித்த இடம். பவுல் அதை விலங்கோடு இருந்து எழுதினார். "கவலைப்படாமல்" என்பதோடு அவர் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். அடுத்த வசனத்தில், தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்கிறார். இந்தக் 'காத்துக்கொள்ளும்' கிரேக்கத்தில் காவற்படையின் சொல். தமஸ்குப் பட்டணத்தைக் காவல் போட்டு வைத்திருந்தார்கள் என்று சொல்லவும் பவுல் அதையேதான் எழுதுகிறார். காவற்படை என்றால் எங்களுக்கு நல்ல நினைவு வராது. எனக்கு நினைவு வருவது வயல் கரையில் இருக்கிற காவல் கொட்டில். கதிர் முற்றுகிற காலத்தில் யானை வரும். அப்பா இரவில் கொட்டிலில் இருப்பார், கையில் டோர்ச், பக்கத்தில் யானை வெடி. நாங்கள் வீட்டில் நித்திரை கொள்ளுவோம். யானை வராது என்பதால் வந்த நித்திரை இல்லை அது. யானை வந்தது, ஒருமுறை முக்கால் ஏக்கரை மிதித்துவிட்டும் போனது. அப்பா முழித்திருக்கிறார் என்பதால் வந்த நித்திரை.

எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு நான் அதிகம் சொல்லுவதில்லை. கவலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஆண்டவரே, என் கவலைகளை எல்லாம் நீக்கும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வியாழக்கிழமைத் தவணைக்கு மூவாயிரம் குறைகிறது" என்று சொல்லுவது நல்ல ஜெபம். அதில் உங்கள் கையில் இருப்பது என்ன, கையில் இல்லாதது என்ன என்று பார்த்து, இருப்பதை விடிய எழும்பிச் செய்யுங்கள். நன்றி சொல்ல ஒன்றைத் தேடி எடுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. கொடுத்த சுமை இரவு இரண்டு மணிக்குத் திரும்பி வரும். எனக்கு எப்போதும் வருகிறது. வந்தால் திரும்பவும் எறிய வேண்டியதுதான். திரும்பி வந்தது உங்கள் விசுவாசத்துக்கான புள்ளி அல்ல. 56ஆம் சங்கீதம் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில் இருக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான வசனம் வேண்டுமா?

விசுவாசித்தால் கடன் அடைபடும், விசா கிடைக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. வேதத்தில் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. அதைவிட "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கலாத்தியர் 6:2 எவ்வளவோ மேல். கடவுளின் விசாரிப்பு பல நேரம் சபையில் பக்கத்து வாங்கில் இருப்பவரின் கையால்தான் வந்து சேருகிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் உடம்புக்கு ஒரு நினைவு இருக்கிறது. ஹெலி சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு முல்லைத்தீவில் கடல் இரைந்தால் நித்திரை வராதவர்கள் இருக்கிறார்கள். இது விசுவாசக் குறைவு இல்லை, காயம். பல கிழமைகளாக நித்திரை இல்லை, சாப்பிட முடியவில்லை, வேலை ஓடவில்லை, வாழவே வேண்டாம் போல இருக்கிறது என்றால், ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). சூரை என்றதும் எனக்கு எங்கள் காட்டுக்கரைச் சூரைப்பற்றையும் அதன் புளித்த பழமும்தான் ஞாபகம் வரும், எலியாவின் செடி வேறாக இருக்கலாம். கடவுள் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. நித்திரை கொள்ள விட்டார். தூதனை அனுப்பி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் படுக்க விட்டார், திரும்பவும் சாப்பாடு கொடுத்தார். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தங்கச்சியின் வீட்டுக்கு இரண்டு கிழமை கழித்து மனைவியோடு போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். தவணைப் புத்தகத்தை எடுத்து வைத்து மூன்று பேருமாகக் கணக்குப் பார்த்தோம். தவணையைக் குறைத்து நாளைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். துணைக்கு மனைவி போனா. கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள், முழுக்க இல்லை.

போன மாதம் கண்டபோது, நித்திரை எப்படி என்று விசாரித்தேன். "இப்பவும் ரெண்டு மணிக்கு முழிப்பு வரும் அண்ணை" என்றார். "முந்தி மாதிரி உள்ளுக்குள்ள யோசிக்கிறேல்லை, வாய்விட்டுச் சொல்லிப்போடுவன். மூத்தவன் எழும்பியிருந்து கேக்கிறான், அம்மா, இந்தச் சாமத்தில ஆரோட கதைக்கிறீங்கள், அப்பாவோ எண்டு."